போன மாதம் வாங்கிய அதே மணம்



இன்று நான் பேச வந்தது மணத்தைப் பற்றி. நல்ல மணத்தைப் பற்றி அல்ல. நல்ல மணம் எது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது அதே மணத்தைப் பற்றி. போன மாதம் ஒருவர் உங்களிடம் ஒரு மெழுகுவத்தி வாங்கினார். வீட்டில் ஏற்றினார், பிடித்துப்போனது. இந்த மாதம் மறுபடி வருகிறார். அவர் என்ன கேட்கிறார்? நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றா கேட்கிறார்? "போன தடவை கொடுத்தீர்களே, அதையே கொடுங்கள்" என்கிறார். முதல் மெழுகுவத்தியை உங்கள் திறமை விற்றது. இரண்டாவதை அவருடைய நினைவுதான் வாங்குகிறது. அந்த நினைவோடு உங்கள் சரக்கு ஒத்துப்போக வேண்டும்.

"அதே எண்ணெய், அதே மெழுகு, அதே கை, பிறகு எப்படி மணம் மாறும்?" என்று கேட்பீர்கள். அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

மெழுகுவத்தியைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று யாரும் சிரிக்க வேண்டாம். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1861 ஜனவரி வரை, சிறுவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஆறும் மெழுகுவத்தியைப் பற்றித்தான். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மனிதர் மெழுகுவத்திக்கு ஆறு கூட்டம் ஒதுக்கினார். நமக்கு ஒரு மாலைப் பொழுது அதிகமில்லை.

அவர் செய்து காட்டிய ஒரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். எரியும் மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்மையாக ஒரு புகை எழும். எரியும் குச்சியைத் திரியைத் தொடாமல், சற்று உயரத்தில் அந்தப் புகையில் காட்டுங்கள். தீ அந்தப் புகை வழியே குதித்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது கட்டி மெழுகு அல்ல, உருகிய மெழுகும் அல்ல, ஆவியாகிப்போன மெழுகு. மெழுகு உருகுகிறது, உருகியது திரி வழியே ஏறுகிறது, ஏறியது ஆவியாகிறது, ஆவிதான் எரிகிறது.

அப்படியானால் மெழுகோடு சேர்ந்து திரியில் ஏறிய வாசனை எண்ணெய்க்கு என்ன ஆகும்? அதுவும் எரிந்துபோகும். எரிந்த எண்ணெயில் மணம் ஏது? பிறகு அறை மணப்பது எதனால்? தீயைச் சுற்றி உருகி நிற்கிறதே ஒரு குளம், அதன் மேற்பரப்பிலிருந்து மெதுவாக ஆவியாகிறதே எண்ணெய், அதனால்தான். மணம் குளத்திலிருந்து வருகிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் புகார்களுக்குக் காரணம் தானாகப் புரியும்.

ஒரே பாத்திரத்தில் உருக்கிய மெழுகு, ஒரே எண்ணெய், ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் தடித்த திரி, மற்றதில் மெல்லிய திரி. முதல் குவளையில் குளம் கண்ணாடியின் விளிம்பு வரை பரவும். இரண்டாவதில் நடுவே குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு சுவர் போல நிற்கும். முதல் குவளை அறை முழுக்க மணக்கும். இரண்டாவது மேசையைத் தாண்டாது. வாடிக்கையாளர் என்ன சொல்வார்? திரி சரியில்லை என்றா? "இந்தத் தடவை எண்ணெய் குறைத்துவிட்டீர்கள்" என்பார். நாமும் அதை நம்பி அடுத்த பேட்சில் எண்ணெயைக் கூட்டிவிடுகிறோம்!

இந்த வழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். மணம் குறைந்தால் எண்ணெயைக் கூட்டு என்பது நம் தொழிலில் இருக்கிற மிக மோசமான அறிவுரை. மெழுகு ஓரளவு எண்ணெயைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் மேலே துளித்துளியாக வியர்க்கும். திரி அடைத்துக்கொள்ளும், தீ சிறுக்கும், புகையும். தீ சிறுத்தால் குளம் சுருங்கும். குளம் சுருங்கினால் மணம் இன்னும் குறையும். காசைக் கொட்டி மணத்தைக் குறைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

சரி, எண்ணெயின் அளவுக்கே வருவோம். "எட்டு சதவீதம் போடுகிறேன்" என்கிறீர்கள். எதில் எட்டு சதவீதம்? காலையில் வேலை செய்பவர் ஒரு கிலோ மெழுகை உருக்கி, அதன் மேல் 80 கிராம் எண்ணெய் ஊற்றுகிறார். மாலையில் வருபவர் 920 கிராம் மெழுகும் 80 கிராம் எண்ணெயும் சேர்த்து ஒரு கிலோ ஆக்குகிறார். இருவரும் எட்டு என்றுதான் நோட்டில் எழுதுகிறார்கள். காலை ஆளின் குவளையில் உண்மையில் இருப்பது 7.4 சதவீதம். இரண்டு கணக்குமே தப்பில்லை. ஆனால் ஒரு கூடத்தில் ஒரே கணக்குத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவுக் கோப்பை. எண்ணெயை மில்லி கணக்கில் அளப்பவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். 100 மில்லி ஆரஞ்சுத் தைலம் ஏறக்குறைய 84 கிராம் நிற்கும். 100 மில்லி கிராம்புத் தைலம் ஏறக்குறைய 104 கிராம். கோப்பையில் இரண்டும் ஒரே உயரம்; தராசில் 20 கிராம் வித்தியாசம். சேர்மானத்தைக் கோப்பையில் அளந்து ஒருவர் செய்கிறார், அதே எண்ணைக் கிராமாக எடுத்துக்கொண்டு இன்னொருவர் செய்கிறார் என்றால், ஆரஞ்சு மணம் மேலோங்கிய கலவை ஒன்று, கிராம்பு மணம் மேலோங்கிய கலவை ஒன்று என இரண்டு சரக்கு ஒரே பெயரில் கடைக்குப் போகும். ஆகவே எல்லாவற்றையும் எடை போடுங்கள். மெழுகுக்கு ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். எண்ணெய்க்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். அந்தத் தராசு சரியாக இருக்கிறதா என்று முத்திரைப் படிக்கல் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பல சோயா மெழுகுகளில் 80 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் எண்ணெயைச் சேர்க்கச் சொல்வார்கள். உங்கள் மெழுகுக்கு உரிய எண்ணை அதைத் தயாரித்தவர் கொடுக்கும் தாளில் பாருங்கள். யாரோ சொன்ன எண் வேண்டாம். சேர்த்தபின் இரண்டு நிமிடம் நிதானமாகக் கிண்டுங்கள். சரியாகக் கலக்காத பாத்திரத்தில் முதல் குவளையும் கடைசிக் குவளையும் ஒன்றாக இராது. எண்ணெய் சேர்த்த பிறகு பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். திறந்த பாத்திரத்தில் முதலில் கிளம்பிப் போவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான மணங்கள். சந்தனமும் வெனிலாவும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பதினொரு மணிக்கு ஊற்றிய குவளைக்கும் பன்னிரண்டு மணிக்கு ஊற்றிய குவளைக்கும் மணத்தின் அளவு மட்டுமா மாறுகிறது? குணமே மாறுகிறது. எண்ணெய் பாட்டிலில் 'ஃபிளாஷ் பாயின்ட்' என்று ஓர் எண் இருக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் மணம் எரிந்துபோகும் என்று பலர் நம்புகிறார்கள். அது தீப்பற்றும் ஆபத்தைப் பற்றிய எண். பத்திரப்படுத்தி வைப்பதற்கும் லாரியில் அனுப்புவதற்கும் அது தேவை. மணத்துக்கும் அதற்கும் நேரடியான தொடர்பு இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நம் கையில் இருப்பவை. இனி நம் கையில் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன். அது எண்ணெய்.

கொசுவை விரட்ட சிட்ரோனெல்லா மெழுகுவத்தி செய்பவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். சிட்ரோனெல்லா என்று பெயர் ஒட்டிய இரண்டு பாட்டில்களை வாங்கி மோந்து பாருங்கள். ஒன்று எலுமிச்சை போலக் கூர்மையாக, ரோஜாவின் சாயலோடு இருக்கும். மற்றது சூடமும் மரமும் கலந்தது போலக் கனமாக இருக்கும். எது கலப்படம்? இரண்டுமே இல்லை. முதலாவது ஜாவா வகை, இரண்டாவது இலங்கை வகை. இரண்டும் உறவுக்காரப் புற்கள், ஆனால் வேறு வேறு புற்கள். ஜாவா வகையில் சிட்ரோனெல்லால் என்ற வேதிப்பொருள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இலங்கை வகையில் பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. கடைக்காரர் இந்த மாதம் ஜாவா, அடுத்த மாதம் இலங்கை என்று வாங்கிப் போட்டால் உங்கள் தராசு என்ன செய்யும்? 80 கிராமை 80 கிராம் என்றுதான் காட்டும்.

ஒரே வகைப் புல்லாகவே இருக்கட்டும். மழைக்குப் பின் அறுத்ததும் கோடையில் அறுத்ததும் ஒன்றா? இளம் புல்லும் முற்றிய புல்லும் ஒன்றா? தைலம் என்பது விளைச்சல். நெல்லுக்கு நல்ல வருடம், மோசமான வருடம் உண்டென்றால் தைலத்துக்கும் உண்டு.

மல்லிக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியின் மணம் வேண்டும் என்று கேட்டுவரும் வாடிக்கையாளர்கள் உங்களிடம் அதிகம். ஆனால் பூவிலிருந்து கரைப்பான் கொண்டு எடுக்கும் உண்மையான மல்லிச் சாற்றை மெழுகில் ஊற்றி விற்கக் கட்டுபடியாகுமா? ஆகாது. மார்கழிப் பனியில் பூ வரத்துக் குறைந்து கிலோ விலை ஆயிரங்களில் ஏறும்போது மாலை கட்டுபவர்களே திணறுகிறார்கள். ஆகவே நம் கைக்கு வரும் மல்லி எண்ணெய் பெரும்பாலும் பென்சைல் அசிடேட், லினலூல், இன்டோல் போன்றவற்றைச் சேர்த்து ஒருவர் கட்டிய கலவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்காரரும் தமக்குத் தோன்றிய மல்லியைக் கட்டுகிறார். இன்டோலைச் சற்றுக் கூட்டினால் இரவில் மலர்ந்த பூவின் அடர்த்தி. குறைத்தால் சோப்பு மல்லி. "அந்தக் கம்பெனி மல்லி தீர்ந்துவிட்டது, இந்தக் கம்பெனி மல்லி வாங்கினேன்" என்று சொல்லும்போது நீங்கள் எண்ணெயை மாற்றவில்லை. சரக்கையே மாற்றிவிட்டீர்கள்.

இந்தச் சிக்கலைப் பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பிரான்சின் தெற்கே கிராஸ் என்றொரு ஊர். வாசனைத் தொழிலின் தலைநகரம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பல வயல்களில், பல அறுவடைகளில் கிடைத்த ஒரே வகைத் தைலத்தைத் தனித்தனியாக விற்காமல், ஒன்றோடொன்று கலந்து, சென்ற ஆண்டின் மாதிரியோடு ஒத்துப்போகும் வரை சரிசெய்து விற்பார்கள். 'கொம்யூனெல்' என்று அதற்குப் பெயர். ஒரு வயல் தவறினாலும் கலவை தவறாது. 1921-இல் வெளிவந்த ஷனேல் நம்பர் 5 வாசனைத் திரவியத்துக்கு கிராஸ் பகுதி மல்லி வேண்டும். மல்லி வயல்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், 1987-இல் அந்த நிறுவனம் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. பழைய மணம் மாறக்கூடாது என்பதற்காக வயல் வரை போனார்கள்.

நம்மால் வயல் வரை போக முடியாது. ஆனால் கலக்க முடியும். பழைய எண்ணெய் முழுதும் தீர்ந்த பிறகு புதியதைத் திறக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பழையது மீதமிருக்கும்போதே புதியது கூடத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக மோந்து, சிறு குவளையில் வார்த்து எரித்துப் பார்த்து, ஒத்துப்போனால் கலந்துவிடுங்கள். மாற்றம் இருந்தாலும் படிப்படியாக வரும். இதோடு சேர்த்து ஒரு கட்டுப்பாடு: புது எண்ணெயையும் புது மெழுகுப் பெட்டியையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. திறந்தால், மணம் மாறியது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

மெழுகும் மாறுமா என்றால், மாறும். பாரஃபினில் முழுமையாகச் சுத்திகரித்ததும் உண்டு, பாதி சுத்திகரித்ததும் உண்டு. இரண்டாவதில் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசைக்குத் தனி வாடை உண்டு. விலை குறைகிறதே என்று மாற்றினால் அந்த வாடை உங்கள் மல்லிக்கு அடியில் நிற்கும். இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு கேள்வி. மணம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது யார்? நீங்களா? மன்னிக்க வேண்டும், அந்த வேலைக்குக் கூடத்திலேயே மிகவும் தகுதி குறைந்தவர் நீங்கள்தான். காலையிலிருந்து அதே மணத்தில் நிற்கிறீர்கள். மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு மணத்துக்குப் பழகி, அதை மூளைக்குச் சொல்வதை நிறுத்திவிடும். நம் வீட்டு வாடை நமக்குத் தெரிவதில்லை, விருந்தாளிக்குத் தெரிகிறது. மாலையில் குவளையை முகர்ந்து "மணம் கம்மியாக இருக்கிறதே" என்று சொல்வது மூக்கின் களைப்பு. அதைக் கேட்டு எண்ணெயைக் கூட்டுவார்கள், நாளைக்கு வாங்குபவருக்குத் தலை வலிக்கும். நடுவே காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதுப்பிக்கப்படும் என்பார்கள். சோதித்துப் பார்த்தவர்கள், அதற்கும் வெறும் காற்றுக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. வெளியே போய்ச் சற்று உலாவிவிட்டு வாருங்கள், அது போதும்.

சரியான வழி ஒன்று உண்டு. உணவுத் தொழிலில் பல காலமாகச் செய்கிறார்கள், காசு செலவில்லை. மூன்று குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒரே பேட்ச், ஒன்று வேறு பேட்ச். அடியில் ரகசியக் குறி. மெழுகு வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூப்பிட்டு, "மூன்றில் எது வித்தியாசமானது?" என்று மட்டும் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது வேறு வழக்கு. ஒன்பது பேரைக் கேட்டால், குருட்டாம்போக்கில் சொன்னாலும் சுமார் மூன்று பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் நின்றால் கவலை இல்லை. ஏழு, எட்டுப் பேர் சரியாகக் காட்டினால் உங்கள் இரண்டு பேட்சும் வேறு வேறு. பெட்டியில் ஒரே பெயர் ஒட்ட உங்களுக்கு உரிமை இல்லை. எரிக்காத மெழுகை ஒரு முறை, எரியும்போது ஒரு முறை, இரண்டு விதமாகவும் கேளுங்கள். எரித்துப் பார்ப்பது எப்போதும் ஒரே அறையில், கதவு மூடி, மின்விசிறி நிறுத்தி, ஒரே அளவு நேரம் எரிந்த பிறகு நடக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்தவரை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு நுட்பம். ஒப்பிடும் இரண்டு குவளைக்கும் ஒரே வயது இருக்க வேண்டும். சோயா மெழுகு வார்த்தபின் ஒரு வாரம், இரண்டு வாரம் வரை பதப்பட்டுக்கொண்டே இருக்கும். பாரஃபினுக்குச் சில நாள் போதும். நேற்று வார்த்ததையும் இருபது நாள் பழையதையும் பக்கத்தில் வைத்து மோந்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது வயது வித்தியாசம். தீபாவளிக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக வார்த்துப் பெட்டியில் அடைக்கிறோமே, அந்தச் சரக்குக்கு ஐப்பசியில் வரும் புகார்களில் பல இந்த வகை. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த குவளைகளின் கதை வேறு; மெழுகு இளகி எண்ணெய் மேலே வந்துவிடும்.

அப்படியானால் மாதிரி என்று எதை வைத்துக்கொள்வது? பழைய குவளையையா? அதுவும் கிழமாகிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெயை வையுங்கள். ஒவ்வொரு முறை எண்ணெய் வரும்போதும் 20 மில்லியைப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியான இருட்டில் வைத்துவிடுங்கள். கழுத்து வரை என்பது முக்கியம். பாதிப் புட்டியில் மீதி காற்று. காற்று பட்டால் ஆரஞ்சு, எலுமிச்சைத் தைலங்கள் டர்பன்டைன் வாடை அடிக்கத் தொடங்கும். அடுத்த எண்ணெய் வரும் நாளில் இந்தப் புட்டியைத் திறந்து, இரண்டு காகிதப் பட்டைகளில் ஒரு சொட்டு வைத்து, உடனே ஒரு முறை, அரைமணி கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை மோந்து பாருங்கள். முதல் முகர்வில் ஒத்துப்போய் மறுநாள் பிரிந்து நிற்கும் எண்ணெய்கள் உண்டு.

கடைசியாக நோட்டுப் புத்தகம். பேட்ச் எண், தேதி, மெழுகுப் பெட்டியின் லாட் எண், எண்ணெயின் லாட் எண், திரிச் சுருளின் எண், சேர்த்த சூடு, ஊற்றிய சூடு, அன்றைய அறையின் சூடு, எடைகள், செய்தவர் பெயர். இவ்வளவுதான். இதை எழுதி என்ன லாபம் என்பீர்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்கிறார்: "இந்த முறை மணமே இல்லை." குவளையின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைக் கேட்கிறீர்கள். நோட்டைப் புரட்டுகிறீர்கள். எண்ணெய் போன மாதத்து லாட்தான். மெழுகும் அதேதான். சூடும் அதேதான். திரி மட்டும் அன்றைக்குப் புதுச் சுருள். அந்தச் சுருளில் செய்த மற்ற குவளைகளில் ஒன்றை ஏற்றிப் பார்க்கிறீர்கள். குளம் விளிம்புக்கு வரவில்லை. எண்ணெய்க்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் நோய் பிடிபட்டுவிட்டது. நோட்டு இல்லாதவர் என்ன செய்திருப்பார்? எண்ணெய்க் கடைக்காரரோடு சண்டை போட்டிருப்பார்.

எல்லாம் செய்தும் ஓர் எண்ணெய் ஒத்துப்போகவில்லை என்றால்? அந்தப் பெயரில் அந்த மாதம் வார்க்காதீர்கள். அல்லது புதுப் பெயர் வைத்து, மணம் மாறியிருக்கிறது என்று அட்டையிலேயே எழுதி விற்றுவிடுங்கள். வாங்குபவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லாமல் மாற்றினால்தான் கோபிப்பார். அதுவும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார்.

இந்த அரங்கில் எண்ணெய் வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு நான் விடைபெறுகிறேன். பெரிய டிரம்மில் வாங்கி 100 மில்லி, 500 மில்லி பாட்டில்களில் பிரித்து விற்கிறீர்கள். டிரம்மில் தயாரித்தவர் போட்ட லாட் எண் இருக்கிறது. உங்கள் பாட்டிலில் பெயரும் விலையும் மட்டும் இருக்கின்றன. இவர்கள் நோட்டில் எழுதுவதற்கு நீங்கள் அந்த எண்ணைக் கொடுத்தால்தானே முடியும்? பாட்டிலின் மேல் அந்த லாட் எண்ணையும், நீங்கள் நிரப்பிய தேதியையும், தாவரத் தைலமாக இருந்தால் எந்த வகை, எந்த ஊர் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கம்பெனி மாறினால் பழைய பெயரையே ஒட்டாதீர்கள். வாங்க வருபவர்களே, எண் இல்லாத பாட்டிலை வாங்க மறுத்துவிடுங்கள்.